வாரத்துக்கு விட்ட நிலம்... பட்டா யார் பேரில்?

கம்ப்யூட்டர் வேலையை வெளியே கொடுத்துவிட்ட கடைகளும் மில்களும் வங்கிகளும் ஒருநாள் திடீரென நின்றுபோவது ஏன்?

பாளையம்பட்டியில் ஒரு நூல் வியாபாரியின் குடோன் வாசல். சாயங்காலம் நாலு மணி. கேரளத்துக்குப் போகவேண்டிய கோன் நூல் மூட்டைகள் லாரியில் ஏறிவிட்டன. தார்ப்பாய் போர்த்திக் கயிறும் இழுத்துக் கட்டியாயிற்று. டிரைவர் டீ குடித்துவிட்டுச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இ-வே பில் ஒன்றுதான் பாக்கி.

உள்ளே கணக்கு பார்க்கும் பெண் பாஸ்வேர்டைப் போடுகிறார். சரியாகத்தான் இருக்கிறது. "ஓடிபி கேட்குது அண்ணாச்சி."

"யார் போனுக்குப் போகுது?"

திரையில் எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டும் தெரிகின்றன. கடையில் இருக்கும் யாருடைய எண்ணும் அது இல்லை. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபடுகிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஜி.எஸ்.டி பதிவு முதல் பில்லிங் வரை எல்லாவற்றையும் 'செட்' பண்ணிக் கொடுத்த சர்வீஸ் சென்டர் பையனின் எண் அது. அவன் அந்த வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். சர்வீஸ் சென்டர்காரருக்குப் போன் போட்டால், "அவன் நம்பரை மாத்திட்டான் அண்ணாச்சி, காலையில வந்து பார்த்துடுறேன்" என்கிறார்.

மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் இல்லாமல் நகரக் கூடாது. வழியில் பிடித்தால் வண்டியே நின்றுவிடும். அன்று லாரி கிளம்பவில்லை.

இந்த அண்ணாச்சி அசட்டையான ஆள் இல்லை. நூலை விரலில் உருட்டிப் பார்த்தே என்ன கவுண்ட் என்று சொல்லிவிடுவார். யாருக்கு எத்தனை நாள் கடன், எவரிடம் செக் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கம்ப்யூட்டர் மட்டும் 'அந்தத் தம்பி பார்த்துக்குவான்' என்று விட்ட இடம். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி வட்டாரத்தில் நூல் மில், தறி, சேலை மொத்த வியாபாரம், பருப்பு, மிளகாய் வற்றல் மண்டி என எந்தத் தொழிலை எடுத்தாலும் நிலைமை இதுதான். சொந்தமாக ஒரு ஐ.டி ஆளைச் சம்பளத்துக்கு வைக்க இங்கே கட்டுப்படியாகாது. ஆகவே வருடத்துக்கு ஒரு தொகை பேசி ஏ.எம்.சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுவதுதான் வழக்கம். அதில் தப்பொன்றும் இல்லை. பேச்சு எங்கே முடிகிறது, எது எழுதப்படாமல் விடுபடுகிறது என்பதில்தான் சிக்கல் முளைக்கிறது.

300 வங்கிகள் நின்ற நாள்

சின்னக் கடைக்காரர்களுக்கு மட்டும் வரும் தலைவலி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 31-ஆம் தேதி, நாடு முழுவதும் ஏறத்தாழ 300 சிறிய வங்கிகளின் பணப் பரிவர்த்தனை நின்றது. ஏ.டி.எம், யு.பி.ஐ இரண்டும் முடங்கின. அவற்றில் பெரும்பாலானவை கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும். கிராம வங்கி என்றால் இந்தப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியாக இணைக்கப்படும் வரை பாண்டியன் கிராம வங்கியின் தலைமை அலுவலகம் விருதுநகரில்தான் இருந்தது. நகைக்கடன், பயிர்க்கடன், நூறு நாள் வேலைக் கூலி என்று கிராமத்துப் பணம் புழங்கும் வங்கிகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

அந்த 300 வங்கிகளும் செய்த தவறு என்று எதுவும் சொல்லப்படவில்லை. அவற்றுக்குத் தொழில்நுட்ப சேவை கொடுத்துவந்தது சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம். டி.சி.எஸ்-ஸும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து தொடங்கியது. அதன் சில கணினி அமைப்புகளில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்துவிட்டதாகத் தெரிந்ததும், தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ அந்த நிறுவனத்தின் இணைப்பை உடனே துண்டித்தது. நோய் மற்ற வங்கிகளுக்குப் பரவக் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு அது, சரியான முடிவும்கூட. மறுநாள் இணைப்பு திரும்ப வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் அடுத்து வருகிறது. இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக் ஆராய்ந்து சொன்னபடி, தாக்குதல் சி-எட்ஜில் தொடங்கவில்லை. அதோடு சேர்ந்து வேலை செய்த புரோன்டூ டெக்னாலஜி சொல்யூஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தில், மென்பொருள் உருவாக்கப் பயன்படும், சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் சர்வர் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். வங்கி ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. அந்த நிறுவனத்தோடு இன்னொரு நிறுவனம் கைகோத்திருந்தது. அந்த மூன்றாவது இடத்தில் ஒரு கதவு திறந்து கிடந்தது. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய வாடிக்கையாளருக்கு இந்த மூவரில் முதலாமவரின் பெயர் மட்டும்தான் தெரியும்.

பாளையம்பட்டியில் ஏ.எம்.சி போடும்போது நாம் கேட்காத கேள்வியும் அதுதான்: "தம்பி, நீங்க இந்த வேலையை வேற யார்கிட்டயாவது கொடுக்குறீங்களா?"

பெட்டிச் செய்தி: ஒருவர் வழியாகப் பலர்

■ 2021 ஜூலை 2: சர்வீஸ் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்தே பராமரிக்கப் பயன்படுத்திய கசேயா மென்பொருளின் வழியாக ரான்சம்வேர் பரவியது. நேரடியாகச் சிக்கிய கசேயா வாடிக்கையாளர்கள் 60-க்கும் குறைவு. அவர்கள் மூலம் பாதிக்கப்பட்ட தொழில்கள் 1,500 வரை. சுவீடனில் கூப் மளிகைக் கடைகள் சுமார் 800, கல்லாப்பெட்டி இயந்திரம் வேலை செய்யாமல் மூடப்பட்டன.

■ 2024 பிப்ரவரி: தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் நிறுவனம், தன் சர்வர்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக அறிவித்தது.

■ 2024 ஜூலை 19: இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய கோளாறான ஓர் அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இது தாக்குதலே இல்லை. நம்பிக்கையாகக் கொடுத்த சேவையில் நேர்ந்த பிழை.

"பார்க்குறேன்" வேறு, "சரி பண்ணிட்டேன்" வேறு

வியாபாரிகளிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வரும் குறை, கூப்பிட்டால் வருவதில்லை என்பது. இரண்டாவது குறை அதைவிடக் கடுமையானது: வந்தாலும் முடிவதில்லை.

பில் பிரிண்டர் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டர்காரர் வந்து பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு, சாஃப்ட்வேர்ல பிரச்சனை" என்பார். சாஃப்ட்வேர்காரர் தூரத்தில் இருந்தபடியே உள்ளே நுழைந்து, "எங்க பக்கம் கிளியர் சார், நெட்வொர்க்கைப் பாருங்க" என்பார். நெட் கனெக்ஷன்காரர் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டு, "வேகம் வருதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்துப் பொறுப்பான ஒருவர் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் தெரிந்தோ தெரியாமலோ முதலாளி வந்து நிற்கிறார். அவருக்கோ அது புரியாத பாஷை.

கொஞ்சம் பெரிய மில்களில் இது வேறு உருவத்தில் வருகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நிறுவனத்திடம் புகார் செய்தால் உடனே ஒரு டிக்கெட் எண் வந்துவிடும். ஒப்பந்தத்தில் 'நான்கு மணி நேரத்தில் பதில்' என்று போட்டிருக்கும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று ஒரு மெயில் வரும். ஒப்பந்தப்படி அவர்கள் கடமை முடிந்தது! எத்தனை மணி நேரத்தில் சரியாக வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. கையெழுத்துப் போடும்போது இந்த இரண்டு நேரங்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

இந்தத் தாமதத்துக்கு இங்கே தேதியும் பணமும் உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்கிற ஒருவர் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவர அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்-1 போடாவிட்டால், 14-ஆம் தேதி வாங்கியவருக்கு வரும் 2பி பட்டியலில் அந்த பில் இருக்காது. அவருக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. ஈரோட்டிலிருந்து போன் வரும்: "பில் ஏறலையே, பேமெண்ட்டை நிறுத்தி வைக்கிறோம்." 20-ஆம் தேதி தாண்டினால், வரி கட்டும் அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்-3பிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அபராதம்கூடச் சமாளித்துவிடலாம். வாங்குகிறவர் மனதில் 'இந்தக் கடை பில் ஒழுங்கா ஏறாது' என்று விழுந்துவிட்டால் அதைத் துடைக்க வருடங்கள் ஆகும்.

பட்டா யார் பேரில்?

திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் நிலத்தை வாரத்துக்கு விடுவது புதிதல்ல. உழுகிறவர் வேறு, விதைக்கிறவர் வேறு, அறுத்துப் பங்கு அளப்பவர் வேறாக இருக்கலாம். ஆனால் பட்டாவை யாரும் வாரக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் பல வியாபாரிகள் அதைத்தான் செய்திருக்கிறார்கள், செய்தோம் என்று தெரியாமலே.

கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் லைசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மின்னஞ்சல் முகவரியோடு பிணைக்கப்பட்டது. நிறுவிக் கொடுத்தவர் அவசரத்தில் தன் முகவரியைப் போட்டிருந்தால், காசு கொடுத்தது நீங்களாக இருந்தும் கம்ப்யூட்டரை மாற்றும்போது அவரைத்தான் தேட வேண்டும். டேலி வால்ட் பாஸ்வேர்டு இன்னும் ஒரு படி மேல். அதைப் போட்டு வைத்தவர் சொல்லாமல் போனால் அந்தக் கணக்கைத் திறக்க டேலி நிறுவனத்தாலும் முடியாது. பல வருடக் கணக்கு கண்ணெதிரே இருக்கும், படிக்க முடியாது.

கடையின் வெப்சைட் பெயரும் அப்படித்தான். பதிவு செய்துகொடுத்தவர் தன் கணக்கிலேயே வாங்கி வைத்திருப்பார். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவர் புதுப்பிக்க மறந்தாலோ, விசிட்டிங் கார்டிலும் பில்லிலும் அச்சடித்த முகவரி வேறொருவர் கைக்குப் போகும். அந்த முகவரியை ஒட்டிய மெயில்களும் நிற்கும்.

ஜி.எஸ்.டியில் பதிவான போன் எண்ணின் கதை முதலில் பார்த்ததுதான். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் எல்லோருக்கும் ஓடிபி சரிபார்ப்பு கட்டாயம். அதற்கு முன்பு பாஸ்வேர்டு தெரிந்தால் ஓடிய வேலை, இப்போது பதிவுசெய்த போன் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த எண்ணும் மின்னஞ்சலும் கைக்கு எட்டாமல் போய்விட்டால், தங்கள் சரகத்துக்குரிய வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய்த்தான் மாற்ற வேண்டும். உங்கள் எண்ணா, ஆடிட்டர் ஆபீஸ் எண்ணா, சர்வீஸ்காரர் எண்ணா? இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் முன்னால் அதைப் பார்த்துவிடலாம்.

எதிர்முனையில் பேசுவது யார்?

வெளியே கொடுத்த சேவையில் பாஸ்வேர்டு கைமாறுவது எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதற்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்யும் பொருள்களைத் தயாரிக்கும் குளோராக்ஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தாக்கப்பட்டது. உற்பத்தி தடுமாறி, கடைகளில் அதன் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. 2025 ஜூலையில் அந்த நிறுவனம் தன் ஹெல்ப் டெஸ்க் வேலையைப் பார்த்துவந்த காக்னிசன்ட் மீது வழக்குத் தொடுத்தது. கேட்கும் இழப்பீடு 38 கோடி டாலர். ஊழியர் போல நடித்துப் போன் செய்த ஒருவருக்கு, யார் என்று சரிபார்க்காமலே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. காக்னிசன்ட் மறுக்கிறது. தங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஹெல்ப் டெஸ்க் வேலை மட்டுமே, பாதுகாப்பு தங்கள் பொறுப்பல்ல என்பது அதன் பதில்.

1994-இல் சென்னையில் பிறந்த நிறுவனம் காக்னிசன்ட். விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட நிறுவனங்களின் ஹெல்ப் டெஸ்க் நாற்காலிகளில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்ப்பு எப்படியும் வரட்டும். இரு தரப்பும் சொல்வதை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், 'பாதுகாப்பை அவர் பார்த்துக்கொள்கிறார்' என்று ஒருவரும், 'அது என் வேலை இல்லை' என்று மற்றவரும் சொல்வதுதான் தெரிகிறது. பெரிய சட்டப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்த நிலைமை.

பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2025 ஏப்ரலில் தாக்கப்பட்டதும் ஆள்மாறாட்டத்தால்தான், அதில் மூன்றாம் தரப்பு ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஆன்லைன் ஆடை விற்பனை ஆறு வாரத்துக்கும் மேல் நின்றது. லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு அடிபடும் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது.

நம் ஊரில் யாரும் இவ்வளவு பாடுபட்டு நடிக்க வேண்டியதில்லை. "சர்வீஸ் சென்டர்ல இருந்து பேசுறேன்க்கா, எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க" என்றால் போதும். குரல் தெரிகிறதா என்றுகூடக் கேட்காமல் சொல்லிவிடுகிறோம். வேலை முடிந்த பிறகும் அந்த இணைப்பைத் திறந்தபடியே விட்டுவைக்கும் கடைகள் நிறைய. 'அடிக்கடி வரவேண்டியிருக்கு, அதனால பாஸ்வேர்டு போட்டு வச்சிருக்கேன்' என்பார் சர்வீஸ்காரர். அதே பாஸ்வேர்டைத் தன் எல்லா வாடிக்கையாளருக்கும் வைத்திருந்தால், ஒரு கடையில் அது கசிந்த அன்றே பஜார் முழுவதும் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

பெட்டிச் செய்தி: சட்டம் யாரைக் கேட்கும்?

■ இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சர்வீஸ்காரர் நாளைக்கு வருகிறேன் என்றாலும் கடிகாரம் ஓடத்தான் செய்யும்.

■ 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு: வாடிக்கையாளர் விவரங்களை வேறு யாரிடம் கையாளக் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொறுப்பு கொடுத்தவருக்கே. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

■ ஐ.டி வேலையை வெளியே கொடுப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் விரிவான உத்தரவு 2023 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்தது. ஆனால் கிராம வங்கிகளும் சிறிய நகரக் கூட்டுறவு வங்கிகளும் அதன் வரம்புக்குள் வரவில்லை.

■ பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய எண்: 1930.

அந்தத் தம்பியின் பக்கம்

குற்றம் முழுவதையும் சர்வீஸ்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் கம்ப்யூட்டர் கடைகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரு மேஜையில் திறந்து கிடக்கும் சி.பி.யு, இன்னொன்றில் டோனர் நிரப்ப வைத்த கார்ட்ரிட்ஜ், காதில் போன், வாசலில் அடுத்த வாடிக்கையாளர். ஆளாளுக்குப் பேரம் பேசிக் குறைத்த ஏ.எம்.சி தொகையில் அவர் வண்டிக்குப் பெட்ரோல் போடவேண்டும், பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். கொஞ்சம் வேலை பழகியதும் அந்தப் பையன் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கிளம்பிவிடுவான். அவனோடு உங்கள் கடையைப் பற்றிய ஞானமும் கிளம்பிவிடும். எந்த வயர் எங்கே போகிறது, எந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப் விழுகிறது என்பதெல்லாம் அவன் தலைக்குள் மட்டும் இருந்தது. தாளில் இல்லை.

முதலாளிகள் மறைக்கும் பக்கமும் உண்டு. ஒரிஜினல் சாஃப்ட்வேர் வாங்கச் சொன்னால், "கிராக் வெர்ஷன் போட்டுக் கொடு தம்பி" என்பார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மாற்றச் சொன்னால், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று பதில் வரும். பேக்கப்புக்குத் தனி ஹார்ட் டிஸ்க் கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். பிறகு ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டு, திரையில் கிரிப்டோ பணம் கேட்டு ஆங்கிலத்தில் மிரட்டல் வரும்போது, 'ஏ.எம்.சி எதுக்குக் கொடுக்குறேன்?' என்ற கேள்வி எழும். கொடுத்த தொகைக்கு எந்தெந்த வேலை என்று இருவருமே எழுதிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

எழுதிக்கொள்ள வக்கீல் தேவையில்லை. ஒரு லெட்டர்ஹெட் தாள் போதும். கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார், எத்தனை மணி நேரத்தில் வேலை ஓடவேண்டும், 11 முதல் 20-ஆம் தேதி வரை யார் கிடைப்பார், வேலையை வேறு எவரிடமும் தருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்வாரா, விலகும்போது என்னென்ன பாஸ்வேர்டுகளை எழுதி ஒப்படைப்பார் என்பவை அதில் இருந்தால் பாதித் தகராறு வராது. பதிலுக்கு நீங்கள் எழுதவேண்டியதும் ஒன்று உண்டு: பணம் எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்பது. பாக்கி வைத்துக்கொண்டே ராத்திரி பத்து மணிக்கு வரச்சொன்னால் எந்தத் தம்பியும் வரமாட்டான்.

பேக்கப் இருக்கிறது... திறக்கிறதா?

"பேக்கப் எடுக்குறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். அது எங்கே போகிறது என்று கேட்டால், பலரிடம் வரும் பதில்: அதே கம்ப்யூட்டரின் 'டி' டிரைவ். ஹார்ட் டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். சிலர் பென்டிரைவில் எடுத்து அதைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருக்கிறார்கள். ரான்சம்வேர் வந்தால் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். தானாகவே கிளவுடில் ஏறுமாறு அமைத்துக் கொடுத்த இடங்களிலும், சந்தா முடிந்தோ பாஸ்வேர்டு மாறியோ அது என்றைக்கோ நின்றுபோயிருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் பார்ப்பது யார் வேலை என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

இதைச் சோதிக்கச் செலவில்லை. அடுத்த முறை சர்வீஸ்காரர் வரும்போது, மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எடுத்து வைத்து, "இதுல நேத்து எடுத்த பேக்கப்பைத் திறந்து காட்டுங்க தம்பி" என்று சொல்லுங்கள். அவர் திறந்ததும் ஸ்டாக் அறிக்கையை எல்லாம் புரட்ட வேண்டாம். நேற்று சாயங்காலம் கடைசியாகப் போட்ட பில் எண்ணைத் தேடச் சொல்லுங்கள். இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால், அன்றைக்கே வெளியில் கழற்றி வைக்கக்கூடிய ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ராத்திரி கடை பூட்டும்போது அதை வீட்டுக்கு எடுத்துப் போகும் ஆள் யார் என்று பெயர் குறித்துவிடுங்கள்.